280 வெள்ளிக்கு ஒரு பைன் காடு

சிங்கப்பூர் பிராஸ் பசா பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் ஆயில் பெயின்டிங் வகுப்பு. நான்கு சனிக்கிழமை, தலா 3 மணி நேரம், 280 வெள்ளி. குறையும் சொல்லப் போவதால் பெயர் வேண்டாம். ‘தத்ரூபமான காடு வரையலாம்’ என்று விளம்பரம். வாராவாரம் புக்கிட் தீமா காட்டுக் குன்றில் ஏறி இறங்குகிறவனுக்கு ஆசை வராதா?

முதல் நாளே ஆசிரியர் பச்சை டியூப்களை எல்லாம் எங்களிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டார். அல்ட்ராமரின் நீலம், காட்மியம் மஞ்சள், பர்ன்ட் சியன்னா மூன்றையும் கலந்து நீங்களே பச்சை பண்ணுங்கள் என்றார். எரிச்சலாகத்தான் இருந்தது. ஒரு மணி நேரத்தில் தட்டில் பதினைந்து பச்சை! சியன்னா ஒரு துளி கூடினால் போதும், பிளாஸ்டிக் செடி நிறம் அடங்கி நிஜ இலை வந்துவிடுகிறது. பாதிக் கட்டணம் இதற்கே தகும். அடிப்பூச்சில் எண்ணெய் குறைவு, மேலே போகப் போக அதிகம். மாற்றிச் செய்தால் மேல்பூச்சு முந்திக் காய்ந்து பிறகு வெடிக்கும் என்பதையும் பொறுமையாகக் காட்டினார். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும் என்றும் எச்சரித்தார். வீவக அடுக்குமாடி வீட்டில் வரைகிறவர்களுக்கு முக்கியமான விஷயம்.

ஆனால் பார்த்து வரையத் தந்த புகைப்படம்? பைன் மரங்கள், பனிமூட்டம், பின்னால் நீல மலை. தூரத்து மரத்தை வெளிறிய நீலமாக்கு, கிட்டத்து மரத்தை இருட்டாக்கு என்ற கணக்கு அதில் அழகாக எடுபடுகிறது. நம் காட்டில் தூரம் எங்கே இருக்கிறது? பத்தடி தள்ளிப் பிரம்புக்கொடி மறைக்கும், அதற்குப் பின்னால் செராயா மரம் நிற்கும். வெயில் உச்சியிலிருந்து பொத்தல் பொத்தலாக விழும். பளபளப்பான இலையின் மேல்புறம் வானம் பட்டு வெளிர் நீலமாகத் தெரியும். அண்ணாந்து அதே இலையைப் பார்த்தால் வெயில் ஊடுருவி மஞ்சள் பச்சை. இதை எப்படி வரைவது என்று கேட்டேன். “முதல்ல இத முடிங்க அங்கிள்” என்றார். சரி, முடித்தேன்.

எட்டுப் பேருக்கு ஒரே பேசின். கடைசிக் கால் மணி நேரம் பிரஷ் கழுவ வரிசைதான். ஈரப் படத்துக்குப் பழைய செய்தித்தாளைச் சுற்றித் தந்தார்கள். எம்ஆர்டி ரயிலில் என் வெள்ளைச் சட்டையும் கொஞ்சம் காடானது. தடித்த வெள்ளைப் பூச்சு வீட்டில் மூன்று வாரமாகியும் பிசுபிசுத்தது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் தாராளமாகப் போகலாம். உள்ளூர்க் காடுதான் வேண்டும் என்றால், பணம் கட்டும் முன்பே உங்கள் புகைப்படத்தைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். படம் கொண்டுவர ஒரு பெட்டியும் எடுத்துப் போங்கள்.