சேற்றிலும் உப்புக்காற்றிலும் தாங்கும் ஹப் எது?

கல்லணை–பூம்புகார் சாலையில் வாரந்தோறும் சைக்கிள் ஓட்டும் எனக்கு, சக்கரத்தின் நடுக்குடமான ஹப் வாங்கும்போது எத்தனை கிராம் என்ற கேள்வி முதலில் எழுவதில்லை. ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்றால், 100 கிராம் குறைவது ஒரு விழுக்காட்டில் எட்டில் ஒரு பங்குதான். அதுவும் சக்கரத்தின் நடுவில் குறைவதால், ரிம்மிலோ டயரிலோ எடை குறைந்தால் வரும் சுறுசுறுப்பு இதில் வராது. மேடே இல்லாத டெல்டாவில் அந்த 100 கிராமுக்குப் பெரும்பணம் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இங்கே ஹப்பை அரிப்பவை சேறும் உப்பும். மேட்டூரில் தண்ணீர் திறந்து நடவு தொடங்கியதும், கேஜ் வீல் என்ற இரும்புச் சக்கரம் மாட்டிய டிராக்டர்கள் வயல் சேற்றைச் சாலைக்குக் கொண்டுவந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது குழம்பாகிச் சக்கரத்தின் மேல் தெறிக்கும். தரங்கம்பாடியிலிருந்து நாகப்பட்டினம் வரை உப்புக்காற்று வேறு.

பின் ஹப் 170 கிராம் அளவில் வரும் மிக இலேசான வகையில் ஒன்றை இரண்டு மழைக்காலம் ஓட்டினேன். கழற்றிப் பார்த்தபோது கிரீஸ் செங்கல்பொடி நிறத்தில் இருந்தது. மிதிக்கும்போது மட்டும் சக்கரத்தைப் பிடித்துச் சுழற்றும் ஃப்ரீஹப் என்ற உருளை அலுமினியம்; அதன் வரிப்பள்ளங்களில், காஸெட் எனும் அடுக்கின் பற்சக்கரங்கள் கடித்து இறங்கியிருந்ததால், மரச்சுத்தியலால் தட்டித்தான் காஸெட்டை எடுக்க முடிந்தது. எடை குறைக்கத் தயாரிப்பாளர்கள் பலர் செய்வது, அச்சைச் சுற்றியுள்ள குண்டு வளையமான பேரிங்கை மெலிதாக்குவது. 6902, 6802 என்ற பேரிங் எண்கள் இரண்டுக்கும் உள்துளை 15 மில்லிமீட்டர்தான். ஆனால் முன்னது 28 மில்லிமீட்டர் விட்டமும் 7 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது, பின்னது 24-க்கு 5. குண்டு சிறுத்தால் தாங்கும் சுமையும் குறையும்.

டிடி சுவிஸ் 240 ஹப் அதைவிடக் கொஞ்சம் எடை கூடியது. ஸ்பிரிங்கில் எழுந்து கவ்வும் சிறு கட்டைகளுக்குப் பதிலாக, 36 பற்கள் கொண்ட இரண்டு வளையங்கள் முகத்தோடு முகம் கூடிப் பிடிக்கின்றன. எல்லாப் பற்களும் ஒரே நேரத்தில் பங்கிடுவதால் தேய்மானம் குறைவு. மிதியைத் திருப்பினால் அதிகம் போனால் 10 பாகைக்குள் பிடித்துவிடும். எனக்கு இதில் பெரிதாகப் படுவது, கருவியில்லாமல் திறக்க முடிவதுதான். காஸெட்டைப் பிடித்துக் கையால் இழுத்தால் ஃப்ரீஹப் கழன்று வரும். துடைத்து, அதற்குரிய கிரீஸை மெல்லிதாகப் பூசி, மழையில் நனைந்த அன்று மாலையே மூடிவிடலாம். இதன் ஃப்ரீஹப்பும் அலுமினியம்தான் என்பதால், பெரிய பற்சக்கரங்கள் ஒரே தாங்கியில் இணைந்த காஸெட்டைப் போடுவது நல்லது.

ஷிமானோ டுரா-ஏஸ் ஹப்பின் கப் (கிண்ணம்), கோன் (கூம்பு), பால்ரஸ் (குண்டு) அமைப்பு நம் ஊர் மெக்கானிக்குகளுக்குப் பழகியது. முறையாக ஓவராயில் செய்தால் பல்லாண்டு ஓடும், விலைக்கு ஏற்ற ஹப் இதுவே என்பேன். கோனையும் குண்டையும் மாற்றலாம். ஆனால் கவனிக்காமல் விட்டுக் கப்பில் குழி விழுந்துவிட்டால், ஹப்பையே மாற்ற வேண்டியதுதான்.

அமெரிக்காவின் கிறிஸ் கிங் ஹப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பேரிங்கைத் தாங்களே போர்ட்லாந்தில் செய்கிறார்கள். மூடியைக் கழற்றிக் கழுவிக் கிரீஸ் போட முடிவது பெரிய நன்மை. ஆனால் விலை அதிகம், அந்த பேரிங்கைக் கும்பகோணத்துக் கடையில் அளவு சொல்லி வாங்கவும் முடியாது.

என் வண்டியில் பின்பக்கம் 240, முன்பக்கம் டுரா-ஏஸ். முன் ஹப்பில் ஃப்ரீஹப் இல்லாததால் இரண்டு கோன் ஸ்பேனரும் அரைமணி நேரமும் போதும்; ஐப்பசி பிறக்குமுன் ஒருமுறையும் தை அறுவடை முடிந்து ஒருமுறையும் அதைத் திறந்து விடுகிறேன்.