மோஹாக் உறைவிடப் பள்ளியின் இணையவழிப் பார்வை: ஒரு மதிப்புரை

கனடாவில் பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் திருச்சபைகள் நடத்திய உறைவிடப் பள்ளிகளைப் பற்றி நம்மில் பலர் 2021-இல் கேம்லூப்ஸ் பள்ளி வளாகத்தில் குழந்தைகளின் அடையாளமற்ற கல்லறைகள் இருக்கக்கூடும் என்ற செய்தி வந்தபோதுதான் அறிந்தோம். செய்தி ஓய்ந்துவிட்ட பிறகும், அங்கே என்ன நடந்தது, நடத்தியவர்கள் யார், அவர்கள் கேட்ட மன்னிப்பு எவ்வளவு தூரம் செயலாகியிருக்கிறது என்று அறிய விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது, ஒன்டாரியோவின் பிராண்ட்ஃபோர்ட் நகரிலுள்ள உட்லண்ட் பண்பாட்டு மையம் வழங்கும் இணையவழிப் பார்வையைத்தான்; அத்தகைய பள்ளிகளில் ஒன்றான மோஹாக் பள்ளியின் கட்டடத்தைக் காணொளியில் சுற்றிக் காட்டுவது அது.

இந்த மையம் பூர்வகுடி மக்களே நடத்துவது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1970-இல் பள்ளி மூடப்பட்டபின் 1972-இல் அதே வளாகத்தில் மையம் தோன்றியது. படுக்கைக் கூடங்கள், உணவுக்கூடம், சலவை அறை என்று கட்டடத்தினுள் வழிகாட்டி ஒருவர் நம்மை அழைத்துச் செல்ல, அங்கே குழந்தைப் பருவத்தைக் கழித்து மீண்டு வந்தவர்கள் இடையிடையே தம் சொந்தக் குரலில் பேசுகிறார்கள். பாதி நாள் வகுப்பும் பாதி நாள் பண்ணையிலோ சலவை அறையிலோ வேலையுமாகக் கழிந்த வாழ்க்கை அது. நாள்தோறும் கிடைத்த ஓட்ஸ் கஞ்சியை வைத்தே பிள்ளைகள் அந்தப் பள்ளிக்கு ‘மஷ் ஹோல்’ (கஞ்சிக் குழி) என்று பெயர் சூட்டியிருந்தார்கள். சுற்றிலும் ஆப்பிள் தோட்டம் இருந்தும், பசியில் ஒரு பழத்தைப் பறித்துத் தின்றால் தண்டனை கிடைத்தது. கொதிகலன் அறையின் இரைச்சல் குழந்தைகளின் அலறலை மறைத்தது என்று மீண்டவர்கள் அளித்துள்ள சாட்சியத்தை ஒருமுறை அறிந்தவரால், பின்னர் அந்த இடத்தை வெறும் கட்டடமாகப் பார்க்க முடியாது. பின்புறச் சுவரின் செங்கற்களில் பிள்ளைகள் கீறிவைத்த பெயர்கள் இன்றும் இருக்கின்றன.

இந்தப் பார்வையை நான் மதிப்பதற்கு முக்கியக் காரணம், திருச்சபையின் மன்னிப்பை எடைபோட வேண்டிய இடத்திலேயே அது நம்மை நிறுத்துகிறது என்பதுதான். 1831 முதல் பிள்ளைகளைத் தங்கவைத்துக் கற்பித்த இந்தப் பள்ளியைத் தொடங்கியது, லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட நியூ இங்கிலாந்து கம்பெனி என்ற ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை மரபைச் சேர்ந்த) மறைபரப்பு நிறுவனம். பிற்காலத்தில் பொறுப்பு கனடா அரசிடம் போனபோதும் ஆங்கிலிக்கன் திருச்சபையின் கை அங்கிருந்து விலகவில்லை. நடந்தது எதுவும் அக்காலத்தில் யாருக்கும் தெரியாது என்ற சமாதானத்தையும் ஏற்க இயலாது. ஏனென்றால், 1914-இலேயே ஒரு தந்தை தன் மகள்கள் பட்ட கொடுமைக்காகப் பள்ளி முதல்வர் மீது வழக்குத் தொடுத்து 400 டாலர் இழப்பீடு பெற்றார். அதற்குப் பிறகும் அந்தக் கதவுகள் அரை நூற்றாண்டுக்கு மேல் திறந்தே இருந்தன.

1993 ஆகஸ்ட் 6 அன்று, ஒன்டாரியோவின் மினாக்கியில் கூடியிருந்த பூர்வகுடி ஆங்கிலிக்கன் மக்களின் முன் கனடா ஆங்கிலிக்கன் திருச்சபையின் தலைமைப் பேராயர் மைக்கேல் பியர்ஸ் மன்னிப்புக் கேட்டார். கெட்டவர்கள் சிலர் செய்த குற்றம் என்று ஒதுக்கிவிடாமல், குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பறித்த அமைப்பில் திருச்சபையே பங்குகொண்டது என்றும், அம்மக்களைத் தன் சாயலில் மாற்ற முயன்றது என்றும் அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டதால், அந்த உரையை இன்றும் நேர்மையான ஒன்றாகவே கருதுகிறேன். ஆனால் 1998-இல் மோஹாக் பள்ளியின் முன்னாள் மாணவர்கள் வழக்குத் தொடுத்தபோது அரசும் நியூ இங்கிலாந்து கம்பெனியும் ஆங்கிலிக்கன் திருச்சபையின் ஹியூரான் மறைமாவட்டமும் எதிர்தரப்பில் நின்றன. அது கூட்டு வழக்காக நடக்கலாம் என்ற தீர்ப்பை மாணவர்கள் பெறுவதற்கு 2004-இல் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருந்தது. மேடையில் தலைகுனிந்த திருச்சபையின் மறைமாவட்டமே நீதிமன்றத்தில் வழக்கறிஞர் வழியாக எதிர்த்து வாதாடியதை எண்ணும்போது எனக்கு ஆற்றாமையே மிஞ்சுகிறது. உறைவிடப் பள்ளிகளின் முன்னாள் மாணவர்களுக்கான நாடு தழுவிய இழப்பீட்டு உடன்பாட்டுக்கு வழிதிறந்த வழக்குகளில் இதுவும் ஒன்று என்பதால், அந்த உடன்பாட்டை மாணவர்கள் போராடிப் பெற்றதாகவே நான் பார்க்கிறேன்.

நியாயமாகச் சொன்னால், ஆங்கிலிக்கன் திருச்சபை 2003-இல் இழப்பீட்டுக்காக 25 மில்லியன் டாலர் வரை தர ஒப்புக்கொண்டது. பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்த அதன் கேரிபூ மறைமாவட்டம் உறைவிடப் பள்ளி வழக்குகளின் சுமையால் இயங்க முடியாமல் போனது. இதே தொகையை நன்கொடையாகத் திரட்டித் தருவதாக வாக்களித்த கத்தோலிக்க அமைப்புகள் 4 மில்லியனுக்கும் குறைவாகவே திரட்டின என்பதோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். போப் பிரான்சிஸ் கனடா மண்ணில் மன்னிப்புக் கேட்டது 2022 ஜூலையில்தான்.

காணொளியைப் பார்ப்பவர்கள் மனத்தில் கொள்ள வேண்டிய இன்னொன்று உண்டு. 2013-இல் கூரை ஒழுகிக் கட்டடம் பாழானபோது, இடிப்பதா காப்பதா என்று அப்பகுதியின் சிக்ஸ் நேஷன்ஸ் என்ற பூர்வகுடிச் சமூகத்தாரிடம் கேட்கப்பட்டது. இடிந்து போகட்டும் என்று அவர்கள் சொல்லியிருந்தால் எவரும் குறைகூற முடியாது. ஆயினும் மிகப் பெரும்பான்மையோர் காக்க வேண்டும் என்றார்கள். சாட்சியத்தைக் காப்போம் என்ற பொருளிலேயே நிதி திரட்டும் இயக்கமும் தொடங்கியது. குற்றத்தின் சாட்சியத்தைப் பேணும் உழைப்பும் அதனால் வரும் மனவலியும் பாதிக்கப்பட்டவர்களின் தோளிலேயே விழுந்திருக்கின்றன.

உறைவிடப் பள்ளிகளின் வரலாற்றை ஆராய்ந்த கனடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015-இல் வெளியிட்ட 94 பரிந்துரைகளில் 59-ஆவது, இப்பள்ளிகளில் தங்கள் திருச்சபைக்கு இருந்த பங்கையும் மன்னிப்பு ஏன் தேவைப்பட்டது என்பதையும் ஒவ்வொரு திருச்சபையும் தன் மக்களுக்குக் கற்பிக்க வேண்டும் என்கிறது. டொராண்டோ வட்டாரத்தில் ஞாயிறுதோறும் தமிழில் வழிபடும் கத்தோலிக்க, ஆங்கிலிக்கன் சபைகளும் இந்தத் திருச்சபைகளின் உறுப்புகளே. நாம் கனடாவுக்குப் பின்னால் வந்தவர்கள், நமக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று சொல்லலாம்; ஆனால் அந்தத் திருச்சபையின் ஆலயத்தையும் பெயரையும் ஏற்றுக்கொண்டவர்கள் அதன் கடனை மட்டும் மறுப்பது முறையாகாது. சபைக் குழுக்கள் இந்தப் பார்வையைச் சேர்ந்து பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சிறு பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பதைத் தவிர்க்கவும். பதின்வயதினரோடு பார்த்தால், முடிந்தபின் பேசுவதற்கு நேரம் ஒதுக்கவும். காட்சி நாட்களையும் கட்டணத்தையும் மையத்தின் இணையதளத்தில் சரிபார்த்து முன்பதிவு செய்யலாம். பியர்ஸின் மன்னிப்பு உரையை அதற்கு முன்பே படித்துவிட்டால், எந்த அறைகளுக்காக அது சொல்லப்பட்டது என்பது பார்க்கும்போது விளங்கும். சீரமைக்கப்பட்ட கட்டடம் 2025 செப்டம்பரில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டுள்ளதால், டொராண்டோவிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் பயணம் செய்யக்கூடியவர்கள் காணொளியோடு நிறுத்திக்கொள்ளாமல் நேரிலும் செல்ல வேண்டும்.