கட்டிங்கில் கனமான செட்: குறைக்க வேண்டியது எதை?

கட்டிங்கில், அதாவது தசையை விடாமல் உடல் எடையைக் குறைக்கத் தொடங்கியதும், பலர் செய்யும் முதல் வேலை, பாரிலிருந்து பிளேட்டைக் கழற்றிவிட்டு 15, 20 ரெப் (ஒருமுறை தூக்கி இறக்கினால் ஒரு ரெப்) அடிப்பது. தசைக்கு 'வடிவம்' வரும் என்ற நம்பிக்கை. ஆனால் கொழுப்பைக் கரைப்பது கலோரிப் பற்றாக்குறை. கட்டிங்கில் பயிற்சிக்கு இருக்கும் வேலை ஒன்றுதான்: இந்தத் தசை இன்னும் தேவை என்று உடம்புக்குச் சொல்லிக்கொண்டே இருப்பது. அதைச் சொல்வது கனம். அதனால் பாரில் இருக்கும் எடையை விடாமல் பிடித்துக்கொண்டு, செட்டுகளை (இடைவிடாமல் செய்யும் ரெப்களின் தொகுதி ஒரு செட்) குறைக்க வேண்டும்.

மாதக்கணக்கில் தாங்கும் அமைப்பு இது: வாரம் நான்கு நாள், ஸ்குவாட் (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் (படுத்தபடி நெஞ்சிலிருந்து பாரைத் தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பாரைத் தூக்குவது), ஓவர்ஹெட் பிரஸ் (தலைக்கு மேல் தள்ளுவது) என நாளுக்கு ஒன்று. உச்ச எடையில், அதாவது ஒரே ஒரு ரெப் மட்டும் தூக்க முடிகிற எடையில், 85 சதவீதத்தில், இன்னும் ஒரு ரெப் மிச்சம் இருக்கும்படி 3 முதல் 5 ரெப் வரை ஒரே ஒரு கனமான செட். பிறகு 10 சதவீதம் குறைத்து 5 ரெப்பில் 2 செட். பெஞ்சில் உச்சம் 120 கிலோ என்றால் வார்ம்அப் இப்படிப் போகும்: வெறும் பார் 8, 50 கிலோ 5, 70 கிலோ 3, 85 கிலோ 2, 95 கிலோ 1. அடுத்து 102.5 கிலோவில் முக்கிய செட், 92.5 கிலோவில் மற்ற இரண்டும். இடையில் 3 முதல் 5 நிமிடம் ஓய்வு. பசியோடு இருக்கும்போது அவசரப்பட்டு இதைச் சுருக்கினால் அடுத்த செட்டில் ரெப் விழுந்துவிடும்.

முக்கிய லிஃப்டுக்குப் பிறகு செய்யும் துணைப் பயிற்சியில்தான் பெரும்பாலானோர் கெடுத்துக்கொள்கிறார்கள். வயிறு நிறையச் சாப்பிட்ட காலத்தில் 4 செட் செய்தவர் இப்போது 2 செட்டோடு நிறுத்த வேண்டும். 8 முதல் 12 ரெப், இரண்டு ரெப் மிச்சம். தேர்வும் முக்கியம். டெட்லிஃப்ட் நாளில் குனிந்து செய்யும் பார்பெல் ரோ வேண்டாம், ஏற்கெனவே களைத்த இடுப்பு அதைத் தாங்காது. நெஞ்சைப் பெஞ்சில் சாய்த்துச் செய்யும் டம்பெல் ரோ அல்லது லாட் புல்டவுன் போதும். ஸ்குவாட் நாளில் லெக் கர்ல், ஒற்றைக்கால் ஸ்பிளிட் ஸ்குவாட். முழங்கை வலி எட்டிப் பார்த்தால் சின்அப், டிரைசெப்ஸ் செட்டுகளை முதலில் வெட்டுங்கள்.

முதல் வாரம் இறங்கும் எடையைப் பார்த்து மயங்க வேண்டாம். தசை சேமித்து வைக்கும் மாவுச்சத்தான கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்து குறைந்ததும் இரண்டும் சேர்ந்து போகும். அதன்பின் வாரத்துக்கு உடல் எடையில் 0.5 முதல் 0.75 சதவீதம் இறங்கினால் சரி. 80 கிலோ ஆளுக்கு 400 முதல் 600 கிராம். ஒரு சதவீதத்தைத் தாண்டினால் தினமும் 150 முதல் 200 கலோரி கூட்டுங்கள். புரதம் தினமும் உடல் எடையில் கிலோவுக்கு 1.8 முதல் 2.2 கிராம். கிரியாட்டின் (பலத்துக்கு உதவும் சப்ளிமென்ட்) எடுப்பவர் தினமும் 3 முதல் 5 கிராம் தொடருங்கள். மாவுச்சத்தில் பெரும்பங்கை பயிற்சிக்கு இரண்டு மணி நேரம் முன்பு வையுங்கள்.

நாள் போகப் போக முதலில் அடிவாங்குவது பெஞ்ச். நெஞ்சும் முதுகும் மெலிவதால் பார் கடக்கும் தூரம் கூடுகிறது. ஸ்குவாட்டில் அடிமட்டத்தில் வயிறும் தொடையும் அழுந்திக் கிடைத்த தாங்கல் குறைகிறது. டெட்லிஃப்ட் ஓரளவு தாக்குப்பிடிக்கும். வயிறு குறைந்தவருக்குக் குனிந்து பிடிப்பதும் எளிது. ஒரு சின்ன விஷயம்: இடுப்பு சுருங்கிய பிறகும் பெல்ட்டைப் பழைய துளையிலேயே போடாதீர்கள். தளர்ந்த பெல்ட்டில் வயிற்றை இறுக்க முடியாது, பலம் போய்விட்டதாகத் தோன்றும். புல்அப் ரெப் கூடுவதும் அப்படித்தான். தூக்கும் உடம்பு இலேசானதால் வந்தது அது.

ஒரு நாள் சொதப்பினால் எதையும் மாற்ற வேண்டாம். தொடர்ந்து இரண்டு வாரம் ஒரே லிஃப்ட் 5 சதவீதத்துக்கு மேல் விழுந்தால், முதலில் தூக்கத்தையும் உணவையும் பாருங்கள். அடுத்து துணைப் பயிற்சியில் ஒரு செட், பிறகு 10 சதவீதம் குறைத்துச் செய்யும் இரண்டு செட்டுகளில் ஒன்று என வெட்டுங்கள். முக்கிய செட்டின் எடையைக் கடைசியில்தான் தொட வேண்டும், அதுவும் 2.5 கிலோ. ஒவ்வொரு நான்காவது வாரமும் செட்டுகளைப் பாதியாக்கி, எடையை 10 சதவீதம் இறக்குங்கள். 8 முதல் 12 வாரம் முடிந்ததும் இரண்டு வாரம் எடை மாறாத அளவுக்குச் சாப்பிடுங்கள். அப்போதும் துணைப் பயிற்சியை ஒரேயடியாகக் கூட்டாமல், வாரத்துக்கு ஒரு செட் என்றே திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள்.