சீமைக்கருவேலம் வெட்ட: பட்டறை அருவாளா, மெஷெட்டியா?

லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த அருவாளா, தொழிற்சாலையில் செய்த மெஷெட்டியா (மெல்லிய, நீளமான வெட்டுக்கத்தி)? காய்ந்த சீமைக்கருவேலங் கொம்பில் வெட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். இரண்டையும் ஒரே மாதிரி சாணை பிடித்து, ஒரே கொம்பில், ஒரே எண்ணிக்கையில் வெட்டுங்கள். அப்புறம் வாயை (வெட்டும் விளிம்பை) வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கூரான வாய் மின்னாது. மின்னும் இடம் மழுங்கிய இடம்.

வாய் மடங்கியிருந்தால் இரும்பு மெதுவு; மூளியாகியிருந்தால், அதாவது சில்லு பெயர்ந்திருந்தால், தோய்ச்சல் (சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து இரும்பை இறுக்குவது) கூடிவிட்டது. மூளிதான் மோசம். மடங்கியதை அரத்தால் சரிசெய்யலாம், மூளி போக நிறைய தேய்க்க வேண்டும்.

கூர் நிற்பது:
அருவாள்: வாய்க்குப் பின்னால் சதை (தடிமன்) இருப்பதால் கட்டை மரத்தைத் தாங்கும். ஆனால் தோய்ச்சல் கொல்லர் கையைப் பொறுத்தது, ஒன்று போல் இன்னொன்று இருக்காது.
மெஷெட்டி: சுமார் 2 மி.மீ. தகடு. காய்ந்த கணுவில் பட்டால் சீக்கிரம் மடங்கும்.

கை வலி:
அருவாள்: கனமே பாதி வேலையைச் செய்யும், ஆனால் தோள் சீக்கிரம் அசரும்.
மெஷெட்டி: நாள் முழுக்க வீசலாம்.

பராமரிப்பு: துருப்பிடிக்காத எஃகு இல்லையென்றால் இரண்டுக்குமே எண்ணெய் தடவ வேண்டும்.

விறகு, வேலி முள், காய்ந்த கொம்பு என்றால் யோசிக்காமல் அருவாள்தான். புல், பச்சைக் கொடி, வாழைக் கழிவுக்கு மெஷெட்டி போதும். வாயின் பக்கங்கள் சற்றே குவிந்து, சதையோடு சாணை பிடித்த அருவாளையே கேட்டு வாங்குங்கள்.