நரம்பு முகாம்னு ஆட்டோ வந்தா உஷார்! எங்க அப்பாவோட 16,800 ரூபாய் போச்சு

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் உள்ளவங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட இதைச் சொல்லிடுங்க. கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து 'கத்தி வைக்காத நரம்பு வைத்தியம்'னு முகாம் போடுறாங்களே, அதுல எங்க அப்பாகிட்ட 16,800 ரூபாயைக் கறந்துட்டாங்க. பேரைப் போட்டா கேஸ் போடுவோம்னு மிரட்டுறாங்க, அதான் போடல.

அப்பாவுக்கு வலை பொத்துற வேலை. ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம். போட்டெல்லாம் கரையில நிக்கிற அந்த 61 நாள்லதான் கிழிஞ்ச வலை மலையா குவியும். வலை ஊசியைப் பிடிச்சுப் பிடிச்சு வலது கையில கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூணும் மரத்துப்போகும். ராத்திரி எழுந்து கையை உதறிக்கிட்டே உக்காந்திருப்பார். சுண்டு விரலுக்கு மட்டும் ஒண்ணும் இல்ல. போகப்போக ஊசி நழுவ ஆரம்பிச்சது. சட்டைப் பித்தான் போடவே அம்மாவைக் கூப்பிடுற நிலைமை.

முகாம்ல வெள்ளைக் கோட்டு போட்ட ஒருத்தன் அப்பா கையைத் திருப்பி வெச்சு, மணிக்கட்டுல ரெண்டு விரலால தட்டினான். "விரலுக்குக் கரண்ட் ஓடுதா ஐயா?"ன்னான். ஓடுச்சு. அங்கேயே அப்பா அவன் வலையில விழுந்துட்டார். "நான் வாயைத் திறக்கல, கண்டுபிடிச்சிட்டார் பாருடா"ன்னு என்கிட்ட பெருமை வேற. மணிக்கட்டுல நரம்பு அழுந்தியிருந்தா யார் தட்டினாலும் பல பேருக்கு அப்படித்தான் ஓடுமாம். தட்டினது மணிக்கட்டுல, அவன் சொன்ன வியாதி கழுத்துல வாயு அடைப்பு! எண்ணெய், சூரணம், அதிர்ற கையுறை எல்லாம் சேர்த்து 16,800. அந்தக் கையுறையில நீல லைட் எரியும், அதைத் தவிர ஒரு மண்ணும் நடக்கல.

போன் போட்டா, "மரத்துப்போனா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம் சார்." அடுத்த தடவை, "பத்தியம் இருந்தாரா? மீன் சாப்பிட்டாரா?" மண்டபம் ஊர்க்காரன்கிட்ட கேக்குற கேள்வியா இது? பிறகு "டாக்டர் கேரளா முகாம்ல இருக்கார்." இப்போ நம்பரே போகமாட்டேங்குது.

ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரியில டாக்டர் அப்பா கையை மேஜைமேல மல்லாத்தி வெச்சு, கட்டை விரலைக் கூரையைப் பாத்துத் தூக்கச் சொன்னார். ஒத்தை விரலால அவர் அழுத்தினதும் படுத்துடுச்சு. ரெண்டு கையையும் பக்கத்துல வெச்சா வலது கையில கட்டை விரலடிச் சதைமேடு குழி விழுந்து கிடக்குது. கார்பல் டனல் சிண்ட்ரோமாம், அதாவது மணிக்கட்டுல நரம்பு அழுந்திக் கிடக்குறது. நரம்பு டெஸ்ட்டுக்கு மதுரைக்கு எழுதிக் குடுத்திருக்கார், சுகர், தைராய்டும் பாக்கணும். ஆரம்பத்துல வந்திருந்தா ராத்திரி மணிக்கட்டுப் பட்டை, தேவைப்பட்டா ஊசினு பாத்திருக்கலாமாம். இப்போ சின்ன ஆபரேஷன்ல மணிக்கட்டுல நரம்பை அழுத்துற இணைப்பு நாரை வெட்டி விடணும். ராத்திரி மரமரப்பு குறையுமாம், கரைஞ்ச சதை திரும்புமான்னா உறுதி சொல்ல முடியாதுன்னுட்டார். 16,800 கூடப் போகட்டும், அந்த மாசங்களை யார் திருப்பித் தருவா?

விவரமா எழுதலாம்னுதான் உக்காந்தேன், கோவத்துல கை ஓடல. ராத்திரி விரல் மரத்து எழுப்புச்சுன்னா டாக்டர்கிட்ட போங்க. கட்டை விரல் பலம் குறைஞ்சா தள்ளிப்போடவே போடாதீங்க. பில் தராதவன்கிட்ட பணம் கட்டாதீங்க.

அடுத்த முகாம் தொண்டியிலயாம், ஆட்டோவுல மைக் கட்டி அறிவிச்சுக்கிட்டு இருக்கான். தொண்டி, தேவிபட்டினம் ஆளுங்க உடனே எல்லாருக்கும் சொல்லுங்க.