கிருஷ்ணகிரியில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு

ரவுண்டானா பக்கம், மாடியில் நடக்கும் மாலை வகுப்பு. மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதும் எனக்கு, பெங்களூரு போனுக்குத் திணறாமல் பதில் சொன்னால் போதும். 'கெட்' என்ற ஒரே வினையை வைத்து ஒரு மாலை முழுக்க ஓட்டினார் மேடம். பஸ் என்றால் 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்'. கார் என்றால் 'கெட் இன்', 'கெட் அவுட் ஆஃப்'. உள்ளே எழுந்து நிற்க முடிகிற வண்டிக்கு 'ஆன்' என்று வைத்துக்கொள்ளலாமாம். ஷேர் ஆட்டோவுக்கு 'இன்'தான், எத்தனை பேர் தொங்கினாலும்! 'லோடு கிடைத்ததா?' என்பதற்கு 'டிட் யூ கெட் தி லோடு?' யாராவது 'டிட் யூ காட்' என்றால் அங்கேயே நிறுத்தித் திரும்பச் சொல்ல வைப்பார். அவர்கள் விற்கும் புத்தகம்தான் தண்டம், அதற்குக் காசும் தனி. அப்புறம், ஃபேன் சத்தத்தில் பின்வரிசைக்கு எதுவும் கேட்காது. முன்னால் போய் உட்காருங்கள்.