கவகோயேயா, கமகுராவா: டோக்கியோவிலிருந்து ஒரு பகல்

டோக்கியோவில் நான்கைந்து நாள் தங்குகிறவர்களுக்கு, அதில் ஒரு பகலை நகருக்கு வெளியே கழிக்க வேண்டும் என்ற ஆசை மூன்றாம் நாளே வந்துவிடுகிறது. அப்போது பெரும்பாலும் இரண்டு ஊர்களின் பெயர்கள் எதிரெதிராக நிற்கும். ஒன்று வடமேற்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் சைத்தாமா மாநிலத்தில் உள்ள கவகோயே. மற்றொன்று தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி, கனகவா மாநிலக் கடற்கரையில் உள்ள கமகுரா. புகழை மட்டும் வைத்துப் பார்த்தால் கமகுராதான் வெல்லும். அதன் வெண்கலப் புத்தரின் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. ஆனாலும், கையில் ஒரே ஒரு பகல் இருந்து, முதல் முறையாக ஜப்பானுக்கு வருகிறவர் என்னிடம் கேட்டால், கவகோயேக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன்.

பயணத்திலிருந்தே தொடங்கலாம். கவகோயேக்கு மூன்று ரயில் பாதைகள் உள்ளன. இகெபுகுரோவிலிருந்து தோபு தோஜோ பாதையின் விரைவு வண்டியில் ஏறினால் அரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். செய்பு ஷின்ஜுகு நிலையத்திலிருந்து சிறப்பு விரைவு வண்டியில் முக்கால் மணி நேரம் ஆகும். அந்த வண்டி நிற்கும் ஹொன்-கவகோயே நிலையம்தான் பழைய ஊருக்கு மிக அருகில் இருக்கிறது. ஷின்ஜுகுவிலிருந்து ஜேஆர் வண்டி ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொள்ளும். கமகுராவுக்கு டோக்கியோ நிலையத்திலிருந்து யோகோசுகா பாதையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். கணக்குப்படி வித்தியாசம் சிறியதுதான். ஆனால் கமகுராவில் இறங்கிய பிறகுதான் உண்மையான பயணம் தொடங்குகிறது என்பதைப் பலரும் அங்கே போன பிறகே உணர்கிறார்கள்.

கவகோயேயை ஜப்பானியர் ‘கோ-எடோ’, அதாவது குட்டி எடோ என்று அழைக்கிறார்கள். எடோ என்பது டோக்கியோவின் பழைய பெயர். 1457-ல் ஓதா தோகான் என்ற சாமுராய்த் தளபதியும் அவருடைய தந்தையும் கவகோயேக் கோட்டையைக் கட்டினார்கள். அதே ஆண்டில்தான் தோகான் எடோவிலும் கோட்டை எழுப்பினார். பின்னர் நாட்டை ஆண்ட படைத்தலைவர்களான தொகுகாவா ஷோகன்களின் காலத்தில், தலைநகரின் வடவாயிலைக் காக்கும் ஊர் என்பதால், ஷோகனுக்கு மிக நெருக்கமான அமைச்சர்களே கவகோயேயின் பிரபுக்களாக அமர்த்தப்பட்டார்கள். ஷிங்காஷி ஆற்றின் படகுகள் இங்கிருந்து தானியத்தையும் கிழங்கையும் எடோவுக்கு ஏற்றிச் சென்று, அங்கிருந்து சரக்குகளோடும் புதிய பாணிகளோடும் திரும்பின. 1923-ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கத்திலும் 1945-ஆம் ஆண்டின் குண்டுவீச்சிலும் டோக்கியோ தன் பழைய முகத்தை ஏறக்குறைய முழுமையாக இழந்துவிட்டது. கவகோயேயோ இரண்டிலிருந்தும் பெரிய சேதமில்லாமல் தப்பித்தது. ஆகவே எடோ எப்படி இருந்தது என்பதைப் பார்க்க எடோவை விட்டு வெளியே வரவேண்டியிருக்கிறது.

ஆனால் இச்சிபான்கை என்ற முதன்மைத் தெருவில் இருபுறமும் நிற்கும் கருஞ்சுவர்க் கடைகள் எடோ காலத்தவை அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 1893-ல் மூண்ட தீ, ஊரின் மூன்றில் ஒரு பங்கைச் சாம்பலாக்கியது. எரியாமல் நின்றவை தடித்த மண்சுவரும் ஓட்டுக்கூரையும் கொண்ட ‘குரா’ பாணிக் கட்டடங்கள். 1792-ல் கட்டப்பட்ட ஓசாவா வீடு அவற்றில் ஒன்று. இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துப் பாடம் கற்ற வணிகர்கள், தங்கள் கடைகளையும் அப்படியே கட்டிக்கொண்டார்கள். இந்தத் தெருவில் அவசரமாக நடப்பவர்கள் தவறவிடுவது மாடி ஜன்னல்களின் கதவுகளை. ஒவ்வொரு கதவும் ஒரு பெட்டியின் அளவுக்குத் தடிமனானது. அதன் விளிம்பு நேராக முடியாமல் மூன்று நான்கு படிகளாக இறங்கும். எதிர்க் கதவின் விளிம்பும் அதே போல் படி படியாக இருப்பதால், இரண்டையும் மூடும்போது ஒன்றின் படி மற்றொன்றின் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும். தீ நுழைய நேரான இடைவெளியே இராது. மீதமிருக்கும் கீற்றையும் அடைக்கக் குழைத்த மண்ணைத் தயாராக வைத்திருந்தார்கள். சுவரின் அந்த ஆழ்ந்த கறுப்பு, சுண்ணாம்புச் சாந்தில் புகைக்கரியைக் கலந்து பலமுறை தேய்த்து வந்தது. பயத்திலிருந்து பிறந்த ஒரு கட்டடக்கலை இவ்வளவு அழகாக இருக்க முடியும் என்பதே இந்தத் தெருவில் என்னை மிகவும் நெகிழச் செய்கிறது.

தெருவின் ஓரச் சந்தில் நிற்கும் ‘தொகி-நோ-கானே’ மணிக்கூண்டும் அந்தத் தீயின் குழந்தைதான். பதினேழாம் நூற்றாண்டில் தொடங்கிய இந்த மணிக்கூண்டு பலமுறை எரிந்தது. சொந்த வீடுகளே முழுமையாக எழாத 1894-லேயே ஊரார் இதை மீண்டும் கட்டினார்கள். 16 மீட்டர் உயரமுள்ள இந்த மரக்கூண்டின் மணி காலை 6, நண்பகல் 12, பிற்பகல் 3, மாலை 6 என நாளுக்கு நான்கு முறை ஒலிக்கிறது. பகலில் போகிறவர்கள் நண்பகலையோ மூன்று மணியையோ மனத்தில் வைத்துத் திட்டமிடலாம்.

குறையையும் மறைக்க வேண்டியதில்லை. இச்சிபான்கையில் மின்கம்பிகளைப் பூமிக்கடியில் புதைத்தவர்கள், வாகனங்களை மட்டும் தடுக்கவில்லை. வார இறுதியில் குறுகிய நடைபாதையில் கூட்டம் நெரிய, நடுவே பேருந்தும் காரும் ஊர்ந்துகொண்டிருக்கும். நின்று அண்ணாந்து பார்க்க வேண்டிய தெருவில், நிற்கவே இடமின்றித் தவிப்பது வருத்தத்துக்குரியது. வாரநாளில் போவதே இதற்கு ஒரே மருந்து. அதிலும் திங்கட்கிழமையைத் தவிர்க்க வேண்டும். 1848-ல் கட்டப்பட்டு இன்றுவரை எஞ்சியிருக்கும் கோட்டையின் ஹொன்மாரு மாளிகை அன்று மூடியிருக்கும்.

கடைத்தெருவோடு திரும்பிவிடுகிறவர்கள் கவகோயேயின் பாதியைத்தான் பார்க்கிறார்கள். மறு பாதி, தெற்கே நடக்கும் தொலைவில் உள்ள கிதா-இன் கோயிலில் இருக்கிறது. 1638-ல் இந்தக் கோயில் வாயிலைத் தவிர மற்றெல்லாம் எரிந்தபோது, மூன்றாம் ஷோகன் இயெமித்சு எடோக் கோட்டையிலிருந்த மாளிகையின் சில கட்டடங்களையே பிரித்து அனுப்பி, இங்கே நிறுத்தச் செய்தார். இயெமித்சு பிறந்ததாகச் சொல்லப்படும் அறையும், அவரை வளர்த்த செவிலித்தாய் கசுகா நோ சுபொனே ஒப்பனை செய்துகொண்ட அறையும் அவற்றில் அடங்கும். எடோக் கோட்டையின் பெருங்கோபுரம் 1657-ல் எரிந்தது, திரும்பக் கட்டப்படவில்லை. இன்று டோக்கியோவின் அரண்மனைத் தோட்டத்தில் எஞ்சியிருப்பது அதன் கல் அடித்தளம் மட்டுமே. ஷோகன்கள் வாழ்ந்த அறையின் பாயில் கால் வைக்க வேண்டுமானால் கவகோயேக்குத்தான் வரவேண்டும்.

அதே வளாகத்தில் ஒரு சிறிய மதிலுக்குள் 500-க்கும் மேற்பட்ட கற்சிலைகள் வரிசை வரிசையாக அமர்ந்திருக்கின்றன. ரகான் எனப்படும் புத்தரின் சீடர்கள் இவர்கள். 1782 முதல் 1825 வரை செதுக்கப்பட்ட இவர்களில் எந்த இருவரும் ஒரே மாதிரி இல்லை. ஒருவர் பக்கத்தில் இருப்பவரின் காதில் ஏதோ ஓதுகிறார். ஒருவர் வாய்விட்டுச் சிரிக்கிறார். ஒருவர் கன்னத்தில் கைவைத்துத் தூங்கிவழிகிறார். நள்ளிரவில் வந்து இந்தத் தலைகளை ஒவ்வொன்றாகத் தடவினால் ஒன்று மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும், அதில் அடையாளம் வைத்துவிட்டு விடிந்ததும் பார்த்தால் இறந்துபோன தாய் தந்தையின் முகம் தெரியும் என்று இவ்வூரில் ஒரு வழக்கு உண்டு. அதைக் கேட்ட பிறகு அந்த முகங்களிடையே தெரிந்த சாயலைத் தேடாமல் யாராலும் வெளியே வர முடியாது.

இனி கமகுரா. மினமோதோ நோ யோரிதோமோ 1192-ல் ஷோகன் ஆனபோது ஜப்பானின் ஆட்சி இங்கிருந்துதான் நடந்தது; 1333-ல் அந்த ஆட்சி வீழ்ந்தது. மூன்று புறம் மலையும் ஒரு புறம் கடலும் சூழ்ந்த இயற்கைக் கோட்டை இது. வரலாற்றின் எடையில் கவகோயே இதன் அருகே நிற்க முடியாது. ஆனால் அந்த வரலாற்றில் கண்ணால் பார்க்கக் கிடைப்பது எவ்வளவு என்பதையும் கேட்க வேண்டும். ஷோகனின் மாளிகை இருந்த இடத்தில் இன்று ஒரு நினைவுக்கல்தான் உண்டு. சுருகாவோகா ஹச்சிமாங்கு கோயிலின் தற்போதைய முதன்மைக் கட்டடம் 1828-ஐச் சேர்ந்தது. படிக்கட்டின் ஓரத்தில் நின்ற புகழ்பெற்ற கிங்கோ மரமும் 2010 மார்ச்சில் காற்றில் சாய்ந்துவிட்டது. 1923-ஆம் ஆண்டின் நிலநடுக்கம் இங்கே பல கோயில்களைத் தரைமட்டமாக்கியது.

புத்தர் மட்டும் விழவில்லை. கோதோகு-இன் கோயிலின் இந்தச் சிலை, பீடம் நீங்கலாகவே 11 மீட்டருக்கு மேல் உயரம். எடை ஏறக்குறைய 121 டன். 1252-ல் வார்க்கத் தொடங்கியதாகப் பழைய குறிப்பு ஒன்று சொல்கிறது. சுற்றியிருந்த மண்டபம் புயல்களில் அழிந்த பிறகு, அவர் பல நூற்றாண்டுகளாக வெட்டவெளியில் மழையிலும் வெயிலிலும் அமர்ந்திருக்கிறார். சிலைக்குள் நுழைந்து பார்க்க வழி உண்டு. கீழிருந்து மேலாக அடுக்கடுக்காக வார்த்துச் சேர்த்த இணைப்புக் கோடுகள் உட்சுவரில் தெளிவாகத் தெரியும். இதற்கு ஈடான ஒன்று கவகோயேயில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தமிழ் வாசகர்கள் இந்த வளாகத்தில் ஒரு கல்லைக் கவனிக்காமல் வரக்கூடாது. அது இலங்கையின் ஜே. ஆர். ஜெயவர்தனவுக்கு எழுப்பப்பட்ட நினைவுக்கல். 1951-ல் சான் பிரான்சிஸ்கோ அமைதி மாநாட்டில், வெறுப்பு வெறுப்பால் தணியாது, அன்பினால் மட்டுமே தணியும் என்ற புத்தரின் சொல்லை எடுத்துரைத்து, ஜப்பானிடம் இழப்பீடு கேட்கப்போவதில்லை என்று அவர் அறிவித்தார். போரில் தோற்றுக் கிடந்த ஒரு நாடு அதை மறக்கவில்லை. அவர் குடியரசுத் தலைவராக இருந்த 1983 ஜூலையில் தமிழர்களுக்கு நேர்ந்ததை நாமும் மறக்கவில்லை. அந்தக் கல்லின் முன் நிற்கும்போது ஜப்பானியரின் நன்றியும் நம் நினைவும் ஒருசேர எழுவதைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் வேண்டாம்.

கமகுராவின் சிக்கல், அது ஒரு பகலுக்குள் அடங்காத ஊர் என்பதுதான். 1282-ல், மங்கோலியப் படையெடுப்பில் மாண்ட இரு தரப்பு வீரர்களுக்காகவும் அன்றைய ஆட்சியாளர் ஹோஜோ தோகிமுனே நிறுவிய எங்கக்கு-ஜி ஆலயம் கித-கமகுரா நிலையத்தின் அருகே இருக்கிறது. ஹச்சிமாங்கு ஊரின் நடுவில். புத்தரோ, எனோடென் என்ற சிறிய மின்ரயிலில் மூன்றாவது நிறுத்தமான ஹாசேயில் இறங்கி நடக்க வேண்டிய தொலைவில். கடலையும் வீடுகளின் கொல்லையையும் உரசிக்கொண்டு ஓடும் அந்த ரயில் ஓர் இனிய அனுபவம். ஆனால் 10 கிலோமீட்டர் நீளமுள்ள ஒற்றைத் தடத்தில் அதிக வண்டிகளை விட வழியில்லை. ஹைட்ராஞ்சியா பூக்கும் ஜூன் மாதத்தில் அதற்காகக் காத்திருக்கும் வரிசை நிலையத்துக்கு வெளியே வந்துவிடும். இரண்டு நாள் ஒதுக்கி, ஓர் இரவு அங்கேயே தங்கி, காலை கூட்டம் சேருமுன் கோயில்களுக்குள் நுழைய முடிந்தவர்களுக்குக் கமகுரா வேறு ஊராகத் தெரியும்.

சாப்பாட்டில் இரு ஊர்களும் வெவ்வேறு உலகம். கமகுரா கடலின் ஊர் என்பதால், பொடிமீன் பரப்பிய சோறு அங்கே பெயர் பெற்றது. கவகோயே சர்க்கரைவள்ளிக்கிழங்கின் ஊர். எடோவில் வறுத்த கிழங்கு விற்றவர்கள் அதைப் ‘பதின்மூன்று ரி’ என்று கூவினார்களாம். ரி என்பது ஜப்பானின் பழைய தொலைவு அளவு. ஜப்பானிய மொழியில் ‘குரி’ என்றால் செஸ்ட்நட் கொட்டை, ‘ஒன்பது ரி’ என்றும் பொருள். ‘யோரி’ என்றால் ‘விட’, ‘நான்கு ரி’ என்றும் பொருள். ஒன்பதும் நான்கும் பதின்மூன்று. ஆக, செஸ்ட்நட்டைவிடச் சுவையானது. எடோவிலிருந்து கவகோயேக்கு அன்றைய கணக்கில் ஏறக்குறைய பதின்மூன்று ரி தொலைவு என்பதும் அதில் சேர்ந்துகொள்ளும். இன்று அந்தக் கிழங்கு வறுவலாகவும் ஐஸ்கிரீமாகவும் கிடைக்கிறது. சைவ உணவுக்காரர்கள் குழம்பு வகைகளில் மீன்சாறு கலந்திருக்கும் என்று எந்த ஜப்பானிய ஊரிலும் தயங்க வேண்டியிருக்கும். இங்கே சுட்ட கிழங்கைக் கையில் வாங்கிக்கொண்டு, காஷியா யோகோச்சோ என்ற மிட்டாய்ச் சந்துக்குள் நிம்மதியாக நடக்கலாம்.

பன்னாட்டு விமான நிலையம் உள்ள நரித்தாவையும் சிலர் கேட்பார்கள். விமானம் மாறுவதற்கு இடையே ஆறேழு மணி நேரம் கிடைத்தவர்களுக்கு அது நல்ல ஊர். 940-ல் தோன்றிய ஷின்ஷோ-ஜி கோயிலில் நடக்கும் ‘கோமா’ தீச்சடங்கு, பெயரிலும் மூலத்திலும் நம் ஹோமமே. டோக்கியோவிலிருந்து அதற்கென்றே ஒரு பகலைச் செலவிடச் சொல்லமாட்டேன்.

அக்டோபர் மூன்றாம் வார இறுதியில் டோக்கியோவில் இருப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம். 2016-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த தேர்த்திருவிழாக்களில் கவகோயேயினுடையதும் ஒன்று. இரவில் விளக்கேற்றிய தேர்கள் சந்திப்பில் எதிரெதிரே நின்று, தத்தம் மேளத்தை விட்டுக்கொடுக்காமல் வாசிக்கும். அன்று மட்டும் கூட்டத்தைப் பொருட்படுத்தாமல் போகலாம். மற்ற நாட்களில், காலை ஒன்பதரைக்குள் ஹொன்-கவகோயேயில் இறங்கி முதலில் கிதா-இன், பிறகு ஹொன்மாரு மாளிகை, மதியத்துக்கு மேல் கடைத்தெரு என்று வைத்துக்கொண்டால், மூன்று மணிக்கு மணி ஒலிக்கும்போது கையில் கிழங்கோடு கூண்டின் அடியில் நிற்கலாம்.